இரவல் கொடுத்த ஆரம் இரண்டரை வருடமாகத் திரும்பி வரவில்லை. சட்டத்தில் வழி உண்டா?

கொள்ளிடக்கரை | 11 ஆகஸ்ட் 2025, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2023 தை மாதக் கடைசி. என் பெரியப்பா மகள், எனக்கு அக்கா முறை. அவள் பெண்ணுக்குக் கல்யாணம். "வரவேற்புக்கு மட்டும் பொண்ணு போட்டுக்கட்டும், மறுவீடு முடிஞ்சதும் தந்துடறேன்" என்று என் ஐந்து பவுன் ஆரத்தைக் கேட்டாள். என் கல்யாணத்தில் அம்மா எனக்குப் போட்ட ஆரம் அது. அம்மா 2021-ல் தவறிவிட்டார். மஞ்சள் துணியில் சுற்றி அக்கா கையில் கொடுத்தேன். எழுத்து எதுவும் வாங்கவில்லை. அக்காவிடம் யாராவது எழுதி வாங்குவார்களா?

மறுவீடு முடிந்தது, வளைகாப்பும் முடிந்தது, ஆரம் மட்டும் வரவில்லை. கல்யாணம் நடந்த அந்த வருடம் ஆடியில் ஒரு நாள் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள்: "கோச்சுக்காதடி, உன் ஆரத்தை அடகு வச்சிருக்கேன், அறுவடை முடிஞ்சதும் மீட்டுத் தரேன்." அதன் பிறகு இரண்டு அறுவடை முடிந்துவிட்டது. இந்தச் சித்திரையில் நேரில் போய்க் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அது சித்தி உயிரோட இருக்கும்போதே என் பொண்ணுக்குன்னு சொன்னது" என்கிறாள். அத்தான் ஒரு படி மேலே போய், "அன்னைக்கு விலைக்கு ரெண்டு லட்சம் வாங்கிக்க, பேச்சை முடிச்சுக்கலாம்" என்கிறார். அன்றைக்குப் பவுன் 42 ஆயிரத்தை ஒட்டி இருந்தது. இன்று 70 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் எனக்கு வேண்டியது காசு இல்லை, அம்மாவின் ஆரம்.

வீட்டுக்காரர் போலீசுக்குப் போகலாம் என்கிறார். தம்பி "விடுக்கா, சொந்தம் போயிடும்" என்கிறான். எது சரியான வழி?

---

செம்பருத்தி | 11 ஆகஸ்ட் 2025, இரவு 10.05

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. போலீஸ், கோர்ட்டு என்று இறங்குவதற்கு முன் குடும்பத்தில் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசிப் பாருங்கள். எங்கள் வீட்டில் தாய்மாமா பேசித்தான் ஒரு ஜோடி வளையல் திரும்பி வந்தது. ஒருமுறை கேஸ் என்று போய்விட்டால் அடுத்த தலைமுறைப் பிள்ளைகள்கூட முகம் பார்த்துப் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

---

சைக்கிள்கடை | 11 ஆகஸ்ட் 2025, இரவு 10.31

பெரியவர் பேசி ஆகிற கட்டம் தாண்டிவிட்டது. "அது எங்களுடையது" என்று சொன்ன பிறகு என்ன பேச்சு? நாளைக் காலையிலேயே ஸ்டேஷனில் திருட்டு என்று புகார் கொடுங்கள்.

---

கோர்ட்டு வாசல் | 12 ஆகஸ்ட் 2025, காலை 6.15

31 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். இரவல் வழக்குகள் நிறையப் பார்த்திருக்கிறேன். நகை, டிராக்டர் பெட்டி, மின் மோட்டார், கல்யாணப் பாத்திரம், ஒருமுறை நாதஸ்வரம்கூட வந்தது. பெரும்பாலும் தோற்றவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது. சட்டம் இல்லாததால் அவர்கள் தோற்கவில்லை. "திருப்பிக் கொடு" என்று கேட்டதை நிரூபிக்க முடியாமல் தோற்றார்கள்.

முதலில் தம்பி சைக்கிள்கடைக்கு. இது திருட்டு ஆகாது. சம்மதம் இல்லாமல் எடுத்தால்தான் திருட்டு. இந்த அம்மா தன் கையால் கொடுத்திருக்கிறார். திருட்டு என்று எழுதிக் கொடுத்தால், "நீங்களே கொடுத்தீங்களாமே" என்ற ஒரே கேள்வியில் புகார் படுத்துவிடும். நம்பிக் கொடுத்த பொருளை நேர்மையில்லாமல் தன் உபயோகத்துக்குத் திருப்பிக்கொள்வது நம்பிக்கை மோசடி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 406-வது பிரிவு, மூன்று வருடம் வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 316-வது பிரிவு, ஐந்து வருடம் வரை. செயல் எந்தத் தேதியில் நடந்ததோ, அன்று இருந்த சட்டம்தான் பொருந்தும்.

ஆனால் திருப்பித் தரவில்லை என்பது மட்டுமே குற்றம் ஆகிவிடாது. தாமதம் வேறு, மோசடி வேறு. நேர்மையில்லாத எண்ணம் தெரிய வேண்டும். சொல்லாமல் அடகு வைப்பது, விற்பது, வாங்கவே இல்லை என்பது, என்னுடையது என்பது, இதெல்லாம் அந்த எண்ணத்தைக் காட்டும்.

சிவில் பக்கம் உங்களுக்கு இன்னும் பலம். 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 148-வது பிரிவில் தொடங்கி ஒரு அத்தியாயமே இதற்காக இருக்கிறது. ஒரு காரியத்துக்காகப் பொருளைக் கொடுத்து, காரியம் முடிந்ததும் அதே பொருளைத் திருப்பித் தரவேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு அங்கே பெயர் பெயில்மெண்ட். வாய்ப்பேச்சே போதும், பத்திரம் கட்டாயமில்லை. 160-வது பிரிவு சொல்வதைப் பலரும் அறிய மாட்டார்கள்: நேரம் முடிந்தாலோ காரியம் முடிந்தாலோ, கேட்காமலேயே திருப்பித் தரவேண்டியது வாங்கியவர் கடமை. 161 இன்னும் கடுமை. அப்படித் தராமல் வைத்திருக்கும் நாளிலிருந்து பொருளுக்கு நஷ்டமோ அழிவோ சேதமோ வந்தால் வாங்கியவரே பொறுப்பு. மறுவீட்டுக்கு மறுநாளிலிருந்து அந்த ஆரத்தின் பொறுப்பு உங்கள் அக்காவுடையது.

"சித்தி சொன்னது" என்ற பேச்சுக்கு வருகிறேன். கல்யாணத்தில் உங்களுக்குப் போட்ட அன்றே அது உங்கள் சொத்து. உங்கள் சொத்தை உங்கள் அம்மாவாலும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. தவிர, அசையும் பொருளைத் தானம் செய்வதென்றால் பதிவுப் பத்திரம் வேண்டும், இல்லையென்றால் பொருளைக் கையில் கொடுத்திருக்க வேண்டும். வெறுமனே "உன் பொண்ணுக்கு" என்று வாயால் சொன்னால் தானம் ஆகாது. 2021-ல் காலமானவர் கொடுத்த நகையை 2023-ல் ஏன் உங்களிடம் வந்து கேட்டு வாங்க வேண்டும்?

எனக்கு மூன்று விவரம் வேண்டும். அந்தக் குரல் பதிவு இன்னும் போனில் இருக்கிறதா? நகைக்கு ரசீது இருக்கிறதா? அடகு வைத்ததாகச் சொன்னபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? மூன்றாவதை நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.

---

கொள்ளிடக்கரை | 12 ஆகஸ்ட் 2025, காலை 11.20

ஐயா, ரொம்ப நன்றி. குரல் பதிவு இருக்கிறது. ரசீது இல்லை, அப்பா எங்கேயோ வைத்துவிட்டார். ஆனால் என் கல்யாண ஆல்பத்தில் ஆரம் தெளிவாகத் தெரிகிறது. அக்கா பெண் வரவேற்பு போட்டோவிலும் அதே ஆரம். பதக்கத்தில் ஒரு பச்சைக் கல் விழுந்து, வேறு நிறத்தில் மாற்றிப் பதித்திருப்போம். இரண்டு போட்டோவிலும் அந்தக் கல் தெரிகிறது.

பதில் என்ன சொன்னேன் என்று எடுத்துப் பார்த்தேன். "சரி அக்கா, தீபாவளிக்குள்ள குடுத்துடு" என்று எழுதியிருக்கிறேன். இது தப்பா?

---

கோர்ட்டு வாசல் | 12 ஆகஸ்ட் 2025, மதியம் 1.05

தப்பு இல்லையம்மா, அக்காவிடம் யாரும் அப்படித்தான் சொல்வோம். ஆனால் அந்த "சரி" ஒரு பக்கம் உங்களுக்கு உதவும், இன்னொரு பக்கம் கையைக் கட்டும்.

உதவுவது இப்படி. "உன் ஆரம்", "மீட்டுத் தரேன்" என்பது அவர் வாயால் வந்தது. அதற்கு நீங்கள் தவணை கொடுத்திருக்கிறீர்கள். அது இரவல் என்பதும் உங்களுடையது என்பதும் இதில் நின்றுவிட்டது. சிவில் வழக்கில் இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

கட்டுவது எங்கே என்றால், அடகுக்கு நீங்களே சம்மதித்துவிட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். போலீசும் இதைச் சாக்காக வைத்து "சிவில் மேட்டர்" என்று அனுப்பப் பார்க்கும். அதற்காகக் குற்ற வழக்கு செத்துவிடவில்லை. கேட்காமல் அடகு வைத்தது முதல் செயல். சித்திரையில் "என் பொண்ணுடையது" என்று மறுத்தது இரண்டாவது. அது 2024 ஜூலைக்குப் பிந்தையது.

அந்தப் போனை விற்கவோ மாற்றவோ ரீசெட் செய்யவோ கூடாது. கோர்ட்டில் மின்னணுப் பதிவைச் சாட்சியாக வைக்க ஒரு சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 63-வது பிரிவு. வக்கீல் பார்த்துக்கொள்வார், மூலக் கருவி மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

---

மேட்டுக்காடு | 12 ஆகஸ்ட் 2025, இரவு 8.12

காங்கேயம் பக்கத்துக்காரன். எங்களுக்கு நகை வழக்கு குறைவு, மாட்டு வழக்குதான் அதிகம். ஐந்து வருடத்துக்கு முன் உடம்பு முடியாமல் மூன்று மாதம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சினை மாடு ஒன்றைப் பங்காளி வீட்டில் கட்டிவிட்டுப் போனேன், தீனிச் செலவுக்குப் பணமும் கொடுத்தேன். வந்து பார்த்தால் மாடு கன்று போட்டிருக்கிறது. மாட்டைக் கொடுத்தார், கன்றைக் கொடுக்க மாட்டேன் என்றார். "பொறந்தது எங்க கட்டுத்தறியில, பாத்துக்கிட்டது நாங்க" என்றார். ஊரே அவர் பக்கம்தான் பேசியது.

தாராபுரத்தில் ஒரு வக்கீல் சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். ஒப்பந்தச் சட்டம் 163-வது பிரிவு. அதில் உதாரணமே மாடுதான்! ஒருவர் பசுவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இன்னொருவரிடம் விடுகிறார், பசு கன்று ஈனுகிறது, பசுவோடு கன்றையும் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் என்று எழுதியிருக்கிறது. அதை நகல் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் கன்று வந்துவிட்டது.

வாரத்துக்கு விடுவது வேறு கணக்கு, அதையும் சொல்லிவிடுகிறேன். கன்றில் பாதி உனக்கு, பாதி எனக்கு என்று பேசி விட்டிருந்தால் அந்தப் பேச்சுதான் நிற்கும். எதுவும் பேசாதபோதுதான் 163. அதனால் பேசியதை நாலு பேர் முன்னால் பேசுங்கள்.

---

பழுப்புத்தாள் | 13 ஆகஸ்ட் 2025, காலை 7.48

ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நகைக்கும் மாட்டுக்கும் ஊர் கூடும், புத்தகத்துக்கு யார் வருவார்கள்? என் தந்தையார் சேர்த்த பழைய பதிப்புகளில் பதினேழு நூல்கள் இரவலாகப் போய்த் திரும்பவில்லை. அதில் நான்கு, பழைய புத்தகக் கடையில் என் தந்தையாரின் கையெழுத்தோடு கிடந்தன. நான்கையும் காசு கொடுத்து நானே வாங்கி வந்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

1860-ம் ஆண்டு தண்டனைச் சட்டத்தை எழுதியவர்கள் இதையும் நினைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நேர்மையற்ற கையாடலைச் சொல்லும் 403-வது பிரிவில் ஓர் உதாரணம்: நண்பரின் நூலகத்துக்கு அவர் இல்லாதபோது ஒருவர் போகிறார், வாய்விட்டுக் கேட்காமல் ஒரு புத்தகத்தை எடுத்துப்போகிறார். படிப்பதற்கு நண்பரின் சம்மதம் இருக்கும் என்று மெய்யாகவே எண்ணி எடுத்தால் அது திருட்டு அல்ல. ஆனால் பிறகு தன் லாபத்துக்காக அதை விற்றுவிட்டால் இந்தப் பிரிவின்படி குற்றவாளி. புதிய சட்டத்திலும் 314-வது பிரிவாக இது தொடர்கிறது. ஓராண்டுக்கு முன் தெரிந்திருந்தால் அந்தக் கடைக்காரரிடம் யார் விற்றார் என்றாவது கேட்டிருப்பேன்.

சகோதரி, கல்லின் நிறம் மாறியதைச் சொன்னீர்களே, அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் புத்தகங்களை என்னுடையவை என்று காட்டியது தந்தையாரின் கையெழுத்து. உங்கள் ஆரத்துக்கு அந்தக் கல்தான்.

---

அல்லிக்குளம் | 13 ஆகஸ்ட் 2025, மதியம் 3.30

என் நிலைமை கொஞ்சம் வேறு. இரவல் என்றுகூடச் சொல்ல முடியாது. கல்யாணம் ஆன வாரத்திலேயே மாமியார் "பத்திரமா பீரோவுல வைக்கிறேன்" என்று என் நகை முழுவதையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஏழு வருடம் ஆகிறது. இப்போது நான் பிறந்த வீட்டில் இருக்கிறேன். நகையைக் கேட்டால் "எங்க கிட்ட எதுவும் இல்ல" என்கிறார்கள். நான் கொடுத்ததற்குச் சாட்சி இல்லை. பெற்றவர்கள் போட்டதற்கு மட்டும் போட்டோ இருக்கிறது. இது போதுமா?

---

கோர்ட்டு வாசல் | 13 ஆகஸ்ட் 2025, மாலை 5.10

அல்லிக்குளம் அம்மா, உங்கள் நகைக்குச் சட்டத்தில் பெயர் ஸ்ரீதனம். முழு உரிமை உங்களுடையது. கணவருக்கோ மாமியாருக்கோ அதில் பங்கு கிடையாது. பத்திரமாக வைக்க வாங்கியதும் நம்பி ஒப்படைத்ததுதான், திருப்பித் தராவிட்டால் 406 பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. புருஷன் வீட்டில் இருப்பதால் அது கூட்டுச் சொத்து என்ற வாதம் அன்றே போய்விட்டது.

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் தீர்ப்பு 2024 ஏப்ரலில் வந்தது. கேரளத்துக் குடும்பம், 2003-ல் கல்யாணம், 89 பவுன். முதல் இரவிலேயே நகையைக் கணவர் வாங்கிப் பத்திரத்துக்குத் தன் தாயிடம் கொடுத்துவிட்டார், அது அவர்கள் கடனுக்குப் போய்விட்டது என்பது மனைவியின் வழக்கு. குடும்ப நீதிமன்றம் 2011-ல் அந்த அம்மா பக்கம் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் போதிய நிரூபணம் இல்லை என்று தள்ளியது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. சிவில் வழக்கில் குற்ற வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. இரண்டு பேச்சில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். உங்கள் போட்டோக்களுக்கு மதிப்பு உண்டு. உங்களுக்கு இலவச சட்ட உதவியும் உண்டு, பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், நேராகப் போய்க் கேளுங்கள்.

2003 கல்யாணத்துக்கு 2024-ல் தீர்ப்பு. அந்த 21 வருடத்தையும் நினைத்துப் பார்த்துத்தான் எந்த வாசலுக்குப் போவது என்று முடிவு செய்யவேண்டும்.

---

எதிர்வீடு | 13 ஆகஸ்ட் 2025, இரவு 9.55

இங்கே எல்லோரும் கொடுத்தவர்கள். நான் வாங்கியவன். என் பேச்சையும் கேளுங்கள்.

வீடு கட்டும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் காங்கிரீட் மிக்சரும் இருபது சென்ட்ரிங் தகடும் இரவல் வாங்கினேன். வேலை முடிந்ததும் அவர் இல்லாத நேரத்தில் அவர் மச்சானிடம் ஒப்படைத்தேன். எட்டு மாதம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வருகிறது, தகடு ஒன்றுகூட வரவில்லை என்று. மச்சான் அதற்குள் வெளிநாடு போய்விட்டார். நான் கொடுத்ததற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கடைசியில் இருபது தகட்டுக்கும் பணம் கட்டினேன். இன்றைக்கும் அந்தத் தெருவில் என்னைப் பார்க்கும் பார்வை மாறவில்லை. நான் ஏமாற்றவில்லை என்பது எனக்கும் என் மனைவிக்கும்தான் தெரியும்.

கொடுக்கும்போது எழுதி வாங்குங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் "கிடைத்தது" என்று ஒரு வரி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ போட்டு "ஒப்படைச்சாச்சு" என்று எழுதியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

---

செம்பருத்தி | 13 ஆகஸ்ட் 2025, இரவு 10.20

எதிர்வீடு சொன்னதைத்தான் நானும் பயப்படுகிறேன். நோட்டீஸ் என்று ஒன்று போனாலே உறவு முடிந்தது.

---

கொள்ளிடக்கரை | 13 ஆகஸ்ட் 2025, இரவு 10.48

செம்பருத்தி அக்கா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் உறவு நோட்டீஸால் முடியவில்லை. என் அம்மா சொல்லாத வார்த்தையை என் அம்மா சொன்னதாகச் சொன்ன அன்றே முடிந்துவிட்டது. நகை போனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், அதைத் தாங்க முடியவில்லை.

---

சைக்கிள்கடை | 14 ஆகஸ்ட் 2025, காலை 9.02

திருட்டு என்று எழுதியதற்கு மன்னிக்கவும், ஐயா சொன்னது புரிந்தது. என் சந்தேகமும் ஒன்று. நண்பன் கேட்டான் என்று பைக் கொடுத்தேன். அவன் தன் தம்பியிடம் கொடுத்திருக்கிறான். தம்பிக்கு லைசென்ஸ் இல்லை, நடந்துபோனவர் மேல் இடித்துவிட்டான். பைக் ஸ்டேஷனில் நிற்கிறது. ஓட்டியது நானில்லை, கொடுத்ததும் அவனிடம் இல்லை. எனக்கு எதற்கு சம்மன்?

---

கோர்ட்டு வாசல் | 14 ஆகஸ்ட் 2025, காலை 10.40

தம்பி, ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் சட்டம் முதலில் தேடும். வண்டியை விற்றுக் கைமாறிய பிறகும் பதிவு மாறாவிட்டால் பழைய பதிவு உரிமையாளரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரவல் கொடுத்தவருக்கு இன்னும் சொல்லவே வேண்டாம். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்ட உரிமையாளர் அனுமதித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் தனிக் குற்றம். நீங்கள் அந்தத் தம்பியை அனுமதிக்கவே இல்லை என்பதுதான் உங்கள் தற்காப்பு. நண்பனுக்குத்தான் கொடுத்தீர்கள் என்று காட்ட என்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உங்களிடம் வசூலிக்கப் பார்க்கலாம்.

உங்களுக்கும் நண்பனுக்கும் நடுவில் உள்ள கணக்குக்கு ஒப்பந்தச் சட்டம் 154. அதன் உதாரணம் குதிரை. தான் மட்டும் சவாரி செய்ய என்று வாங்கிய குதிரையை ஒருவர் தன் குடும்பத்தில் இன்னொருவரிடம் கொடுக்கிறார். அவர் கவனமாகத்தான் ஓட்டுகிறார், ஆனால் குதிரை விழுந்து அடிபடுகிறது. வாங்கியவர்தான் நஷ்டம் கொடுக்கவேண்டும். குதிரை என்ற இடத்தில் பைக் என்று போட்டுப் படித்தால் உங்கள் கதை. வண்டிக்கு ஆன சேதத்தை நண்பனிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இனி கொள்ளிடக்கரை அம்மாவுக்கு, தள்ளிப்போடாமல் செய்யவேண்டியது.

வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள், ஒப்புகையோடு. ஆரத்தின் எடை, பதக்கம், மாற்றிய கல், கொடுத்த நாள், எதற்குக் கொடுத்தது, திருப்பிக் கேட்ட நாட்கள் எல்லாம் அதில் வரவேண்டும். வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினாலும் கவலை இல்லை, சரியான முகவரிக்குப் போனதை மறுத்தால் சேர்ந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். எந்த அடகுக் கடை என்று தெரிந்தால் அங்கேயும் ஒரு நகல் போகட்டும். ஏலத்துக்குப் போய் உருக்கிவிட்டால் பிறகு எந்தத் தீர்ப்பும் உங்கள் அம்மாவின் ஆரத்தைக் கொண்டுவராது. என் அனுபவத்தில் நோட்டீசை வேகமாகப் போடச் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

காலக்கெடு மூன்று வருடம். அது எந்த நாளிலிருந்து என்பதில் வக்கீல்கள் வாதாடுவார்கள். கேட்டு மறுத்த நாளிலிருந்து என்பார்கள், தீபாவளித் தவணை முடிந்ததிலிருந்து என்பார்கள். நீங்கள் அந்த வாதத்தில் நிற்கவேண்டாம். 2023 தையிலிருந்து எண்ணிக்கொண்டு, 2026 பொங்கலுக்குள் வழக்கு தாக்கலாகிவிடவேண்டும். குரலில் "தரேன்" என்று சொன்னது காலத்தை நீட்டும் என்று நம்பாதீர்கள். அதற்குக் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும்.

வழக்கில் பொருளையே கேளுங்கள். பணம் கொடுத்தால் ஈடாகாத பொருள் என்றால் அந்தப் பொருளையே ஒப்படைக்கச் சொல்லக் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 8-வது பிரிவு இடம் கொடுக்கிறது. தாய் போட்ட ஆரம் அப்படிப்பட்டதுதான். கிடைக்காமல் போனால் மாற்றாக இவ்வளவு பணம் என்றும் தீர்ப்பில் எழுதியாக வேண்டும். அதனால் மனுவில் "ஒப்படைக்கும் நாளின் சந்தை விலை" என்று தெளிவாக இருக்கட்டும். அத்தான் சொல்லும் இரண்டு லட்சத்தைக் கையில் வாங்கிவிடாதீர்கள். வாங்கினால் விற்றதாகிவிடும். கோர்ட்டு கட்டணம் முன்பு மதிப்பில் ஏழரை சதவீதம் இருந்தது, 2017 திருத்தத்துக்குப் பிறகு மூன்று சதவீதம்தான்.

ஆனால் அதற்கும் முன்னால், செம்பருத்தி அம்மா சொன்னதும் நடக்கட்டும் என்றால் ஒரு இடம் இருக்கிறது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குப் போடுவதற்கு முன்பே மனு கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. இரு தரப்பையும் அழைத்து உட்காரவைத்துப் பேசுவார்கள். முடிந்தால் மக்கள் நீதிமன்றத்தில் வைத்து உத்தரவாக்கிக் கொடுப்பார்கள். அது சிவில் கோர்ட்டு தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. தாய்மாமா பேசி முடித்ததைப் பிறகு மாற்றிப் பேசலாம், இதை மாற்றிப் பேச முடியாது. அவர்கள் வரவே மறுத்தால் கட்டாயப்படுத்த வழி இல்லை, அப்போது வழக்குத்தான்.

போலீஸ் புகாரும் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கி வைக்கலாம். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதன் பிறகு மாஜிஸ்திரேட். ஆனால் ஒன்று. 406 சமரசமாகிற பிரிவுதான் என்றாலும் அதற்குக் கோர்ட்டு அனுமதி வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு நிறுத்துவது உங்கள் கையில் மட்டும் இருக்காது. நோட்டீசுக்கு என்ன பதில் வருகிறது என்று பார்த்துவிட்டு அந்தப் படியில் ஏறுங்கள்.

---

மேட்டுக்காடு | 14 ஆகஸ்ட் 2025, இரவு 7.30

ஐயா, அடகுக் கடைக்காரர் "நான் காசு கொடுத்துத்தானே வாங்கி வைத்தேன்" என்றால்?

---

கோர்ட்டு வாசல் | 14 ஆகஸ்ட் 2025, இரவு 8.25

நல்ல கேள்வி. இரவல் வாங்கியவர் உரிமையாளர் ஆகமாட்டார். தன்னிடம் இல்லாத உரிமையை அவர் அடகில் கொடுக்கவும் முடியாது. உரிமையாளருக்குத் தெரியாமல் வைத்தது என்றால் கடைக்காரரின் பிடி தளர்ந்ததுதான். ஆனால் "அடகு வைச்சுக்க" என்று நகையைக் கொடுத்துவிட்டால் கடைக்காரர் பாக்கியைக் கட்டித்தான் மீட்கவேண்டும். நம் ஊரில் விதைப்புக்கு, பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு என்று அப்படித்தானே நகை கொடுக்கிறோம். அப்படி நீங்கள் கட்டி மீட்டால், அக்காள் கட்டவேண்டிய பணத்தை நீங்கள் கட்டியதாகக் கணக்கு. ஒப்பந்தச் சட்டம் 69-ன்படி அதை அவரிடம் வசூலிக்கலாம். இந்த அம்மாவின் "சரி" இங்கேதான் குறுக்கே வரும். ஏலம் நெருங்கினால் வாதத்துக்குக் காத்திராமல் முதலில் மீட்டுவிடுங்கள் என்பேன்.

---

கொள்ளிடக்கரை | 27 செப்டம்பர் 2025, இரவு 9.15

எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லவேண்டும். ஆகஸ்ட் கடைசியில் நோட்டீஸ் போனது. அத்தான் போனில் கத்தினார், அக்கா பேசவில்லை. பத்து நாளில் அவர்கள் வக்கீலிடமிருந்து பதில் வந்தது. அதில் "சித்தி கொடுத்தது" என்ற பேச்சே இல்லை. "குடும்பத் தேவைக்காகச் சம்மதத்தோடு அடகு வைக்கப்பட்டது, மீட்க அவகாசம் தேவை" என்று இருக்கிறது. என் வக்கீல் இதைப் படித்துவிட்டு முகம் மலர்ந்தார். நான் அழுதுவிட்டேன், அம்மா பெயரை எடுத்துவிட்டார்களே என்று.

ஆரம் உருகவில்லை. இரண்டு முறை வட்டி கட்டி மாற்றி வைத்திருக்கிறார்கள். அசலும் வட்டியும் சேர்த்து ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குப் பக்கம் நிற்கிறது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தோம். முதல் நாள் அத்தான் மட்டும் வந்தார். இரண்டாம் முறை அக்காவும் வந்தாள். பாதியை இப்போதும் மீதியைக் கார்த்திகைக்குள்ளும் கட்டி மீட்டு, அங்கேயே வைத்து ஒப்படைப்பதாகப் பேச்சு நிற்கிறது. இன்னும் கையெழுத்தாகவில்லை. அடுத்த அமர்வு வரும் வாரம்.

வெளியே வரும்போது அக்கா வராந்தாவில் நின்று, "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா பொண்ணு வாழ்க்கை போயிடும்னு பயந்துட்டேன்டி" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினேன், வாங்கிக் குடித்தாள்.

கோர்ட்டு வாசல் ஐயாவுக்கு ஒரு கேள்வி. ஒப்படைக்கும் நாளில் ஆல்பத்தைக் கொண்டுபோகட்டுமா, போட்டோ நகல் போதுமா?

---

கோர்ட்டு வாசல் | 28 செப்டம்பர் 2025, காலை 6.05

ஆல்பத்தையே கொண்டுபோங்கள் அம்மா. எடை போட்டுப் பார்க்கத் தெரிந்த ஒருவரையும் கூட்டிப்போங்கள். பதக்கம், மாற்றிய கல், கொக்கி எல்லாம் பார்த்த பிறகு "கிடைத்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தாளில் ஒரு நகல் உங்கள் அக்காவுக்கும் கொடுத்துவிடுங்கள்.